கட்டைவிரலுக்கு எத்தனை மார்க்?

ஜூன் 8, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். எழுத்தெல்லாம் நண்டு நடந்த மாதிரி இருக்கிறது. இருந்தாலும் எழுதாமல் விட முடியாது, அவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை இன்று செய்து வைத்திருக்கிறேன்.

காலையில் ஹாஸ்டல் வாசலில் பைக்கைக் கழுவினேன். செயினைத் துணியால் துடைக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டால் செயின் தானாகச் சுற்றும், நான் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்று ஒரு யோசனை வந்தது. செயின் துணியை இழுத்தது, துணி என் வலது கட்டைவிரலை இழுத்தது. கைரேகை வைக்கிற பக்கத்துச் சதை மொத்தமாகப் போய்விட்டது. எலும்பு வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அந்த எலும்பின் பெயரை மனசுக்குள் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் கத்தினேன்.

எங்கள் ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி. சுவரில் ஒரு போஸ்டர் உண்டு: 'ஓடும் வண்டிச் செயினில் கை வைக்காதீர்கள்.' படம் வரைந்து, வாசகம் எழுதி, பசை தடவி ஒட்டியது நான்தான். அதன் கீழேயே என்னை உட்கார வைத்தார்கள். கேஸ் ஷீட்டில் 'டாக்டர் இசக்கிராணி, வயது 31, பிளாஸ்டிக் சர்ஜரி மூன்றாம் ஆண்டு மாணவி' என்று எழுதிய சிஸ்டர் சிரிப்பை அடக்க இருமிக்கொண்டே இருந்தார். கதவில் நசுங்கியது என்று சொல்லிப் பார்த்தேன். விரல் பூராவும் கிரீஸ்.

ஜூன் 9, திங்கள்

வலி மாத்திரை நல்ல மாத்திரை. சாப்பிட்டால் எல்லோரையும் பிடிக்கிறது.

புண்ணைக் கழுவிக் கட்டியாகிவிட்டது. இனி தோலும் சதையும் எங்கிருந்தாவது கொண்டுவந்து எலும்பை மூட வேண்டும், அப்படி மூடுகிற தோலுக்கு ஃபிளாப் என்று பெயர். எங்கிருந்து என்பதுதான் எங்கள் துறையில் பல வருடமாக நடக்கும் சண்டை. துறைத் தலைவர் தளவாய் சார் கிராஸ் ஃபிங்கர் ஃபிளாப் கட்சி. நடுவிரலின் முதுகுத் தோலைப் புத்தகப் பக்கம் திருப்புகிற மாதிரித் திருப்பிக் கட்டைவிரலில் தைத்துவிடுவார். மூன்று வாரம் இரண்டு விரலும் ஒட்டியே இருக்கும், பிறகு வெட்டிப் பிரிப்பார். ரெஜினா பெர்னாந்து மேடம் பட்டம் கட்சி. சுட்டுவிரலின் முதுகிலிருந்து ஒரு துண்டுத் தோலை அதன் இரத்தக்குழாயோடும் நரம்போடும் எடுத்து, வாலுள்ள பட்டம் போலத் தோலுக்கடியில் சுரங்கம் வழியாக இழுத்துக் கட்டைவிரலில் பொருத்துவார். ஒரே ஆபரேஷன். பட்டம் போல இருப்பதால் கைட் ஃபிளாப் என்று பெயர்.

இந்த இரண்டில் எது நல்லது என்பதுதான் என் ஆராய்ச்சித் தலைப்பு. இரண்டு பேருமே எனக்கு வழிகாட்டிகள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே பெரும்பாலும் என் மூலமாகத்தான். இப்போது என் விரல் மூலமாக.

ஜூன் 10, செவ்வாய்

இன்று பயம் வந்துவிட்டது. மாத்திரைக்கு மிஞ்சிய பயம். ஊசி பிடிக்கிற கருவியைக் கட்டைவிரல் நுனியில்தான் உணர்வோம். அங்கே எதுவும் தெரியாவிட்டால் நான் சர்ஜன் இல்லை. எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது, சமையல் உட்பட.

சரி, ஆராய்ச்சி செய்தவள்தானே என்று லேப்டாப்பைத் திறந்து என் அட்டவணையைப் பார்த்தேன். நாற்பது நோயாளிகள். ஒவ்வொருவரிடமும் 'விரல் எப்படி இருக்கு, பத்துக்கு எவ்வளவு கொடுப்பீங்க?' என்று நானே கேட்டு எழுதியது. கிராஸ் ஃபிங்கருக்குச் சராசரி ஒன்பது. பட்டத்துக்கும் ஒன்பது. ஒருவர் பத்துக்குப் பதினொன்று கொடுத்திருந்தார். மூன்று வருடம் உழைத்து எழுதிய ஆராய்ச்சி, எழுதினவளுக்கே ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறது. லேப்டாப்பை அடிக்கலாம் என்று கை ஓங்கினேன், அது வலது கை.

இடையில் ஒரு ஜூனியர் வந்து, கையை இடுப்போடு சேர்த்துத் தைக்கிற ஃபிளாப்பும் இருக்கிறதே அக்கா என்றான். மூன்று வாரம் பேன்ட் பையில் கைவிட்டபடி ரௌடி மாதிரி ரவுண்ட்ஸ் போகலாம். துரத்தினேன்.

சாயங்காலம் ரெஜினா மேடம் கட்டிலருகே வந்து, "பட்டம்தானே பிள்ள?" என்றார். சரி என்றேன். உண்மையைச் சொன்னால், தளவாய் சார் முதலில் வந்து கேட்டிருந்தால் அவருக்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஜூன் 11, புதன்

ஆபரேஷன் முடிந்தது. முழு மயக்கம் இல்லை, கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். மயக்க மருந்து டாக்டர் தாணு, நாகர்கோவில்காரர், கழுத்துக்குக் கீழே ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாரோ தன் கையை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தோன்றியது. எடுத்துக் கொடுங்கள் என்று சிஸ்டரிடம் சொன்னேனாம். இதைத் தியேட்டர் முழுக்கப் பரப்பியிருக்கிறார்கள்.

நடுவில் பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் மேடம் என் கையை வெட்டுகிறார். தளவாய் சார் 'சும்மா பார்க்க' வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இரத்தக்குழாய் சின்னதாக இருக்கிறதே என்கிறார். போதும் என்கிறார் மேடம். நடுவிரல் சும்மாதானே இருக்கிறது, என்னிடம் கேட்டிருக்கலாம் என்கிறார் சார். நான் திரைக்கு இந்தப் பக்கமிருந்து, சுரங்கம் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும் மேடம் என்றேன். நோயாளி இனி வாயைத் திறந்தால் தூக்க ஊசி போட்டுவிடுவேன் என்று தாணு சார் சொன்னார்.

அவர் தொப்பியில் சின்னச் சின்ன சைக்கிள் படம் போட்டிருந்தது. எல்லாம் முடிய ரொம்ப நேரமானது, பார்க்க வேறு எதுவும் இல்லை, அதனால் கவனித்தேன்.

ஜூன் 12, வியாழன்

விரல் உயிரோடு இருக்கிறது. இளஞ்சிவப்பு. எல்லோரும் வந்து வந்து பார்க்கிறார்கள், பிறந்த குழந்தையைப் பார்க்கிற மாதிரி.

ஜூன் 16, திங்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா வந்திருக்கிறாள். ஊட்டிவிடுகிறாள். வாய் கொள்ளாத உருண்டை, மெல்லுவதற்குள் அடுத்தது. போஸ்டரைப் பார்த்து, இவ்வளவு அழகாகப் படம் போட்டது யார் என்று வார்டில் விசாரித்திருக்கிறாள்.

தாணு சார் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷனுக்கு மறுநாள் வந்து பார்ப்பது வழக்கம். அதற்குப் பிறகும் தினமும் வருவது வழக்கமா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கட்டுப் பிரித்தார்கள். ரெஜினா மேடத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. விரலை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி போட்டோ எடுத்தார். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுக் குச்சியால் தொட்டு, எங்கே தொடுகிறேன் என்று கேட்டார்.

சுட்டுவிரலின் முதுகில் தெரிந்தது. தெளிவாக, யாரோ அங்கே கோலம் போடுகிற மாதிரி. நரம்பு அங்கிருந்து வந்ததுதானே. தோல் வீடு மாறிவிட்டது, மூளைக்கு யாரும் புது விலாசம் சொல்லவில்லை. போகப் போகச் சரியாகும் என்று புத்தகத்தில் இருக்கிறது.

"கட்டைவிரல் மேடம்" என்றேன்.

பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். ஒன்பது என்றேன். மேடம் வராந்தாவில் போகும்போது பாட்டு முணுமுணுத்தார். அவர் பாடி நான் கேட்டதே இல்லை.

சாயங்காலம் தாணு சார் வந்து, "கொள்ளாமா?" என்று கேட்டார். அவர்கள் ஊரில் நல்லாருக்கா என்பதை அப்படித்தான் கேட்பார்கள். ஒன்றும் கொள்ளாது என்றேன். தொட்டால் இடம் மாறித் தெரிவது, கையைத் தொங்கவிட்டால் விண் விண்ணென்பது, ஏ.சி.யில் ஊதாவாகிப்போவது, பயம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் ஆரஞ்சை உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கொடுக்க மறந்து அவரே தின்றுவிட்டார்.

அவர் போனபிறகு அம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "எல்லார்ட்டயும் நல்லாருக்கு, நல்லாருக்குங்குத. அந்தத் தம்பிட்ட மட்டும் ஒண்ணு விடாம நொட்டை சொல்லுத. நான் உங்கப்பாட்ட மட்டுந்தான் அப்பிடிச் சொல்லுவேன்."

டாக்டர் என்றால் அறிகுறிகளைச் சொல்லத்தான் வேண்டும் என்று விளக்கினேன். மேடமும் டாக்டர்தானேட்டி என்றாள். அம்மாவுக்கு மருத்துவம் புரியாது.

ஜூலை 5, சனி

கட்டைவிரலில் கொசு கடித்தது. சுட்டுவிரலைச் சொறிந்தேன். நிற்கவில்லை. கட்டைவிரலைச் சொறிந்தேன், சுட்டுவிரலில் சுகமாக இருந்தது. நெடுநேரம் சிரித்தேன்.

ஜூலை 19, சனி

பயிற்சி: ஒரு டப்பா அரிசிக்குள் காசு, பட்டன், குண்டூசி எல்லாம் போட்டு, பார்க்காமல் தடவி எடுக்க வேண்டும். குண்டூசியை எடுத்ததாக நினைத்துப் பெருமையாகத் தூக்கிக் காட்டினேன். கையில் ஒரு பருக்கை அரிசி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. அம்மா ஊரிலிருந்து புளியோதரை, தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் கட்டிக்கொண்டு வந்தாள். ஆற்றங்கரைக்குப் போனோம். தாணு சாரும் அந்தப் பக்கமாக வந்தார். அவர் வீடு அந்தப் பக்கம் இல்லை.

முதன்முறையாக வலது கையாலேயே சாப்பிட்டேன். கட்டைவிரல் சோற்றைத் தள்ளும்போதெல்லாம் சுட்டுவிரலின் முதுகில் பருக்கை ஒட்டியிருக்கிற மாதிரித் தெரிந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை. தாணு சார் தன் கைக்குட்டையை நீட்டினார். ஒன்றுமில்லாததைத் துடைக்க ஒரு கைக்குட்டை. வாங்கித் துடைத்தேன். தண்ணீர் நிறையப் போனது, காற்று நன்றாக இருந்தது, எல்லாமே நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

வந்தது வினை. ரெஜினா மேடம் கூப்பிட்டு, அடுத்த வாரம் வியாழக்கிழமை லிஸ்டில் ஒரு கட்டைவிரல் இருக்கிறது, நீயே செய் என்றார். நான் போட்ட ஃபிளாப்பை வைத்துக்கொண்டு நீ ஒரு ஃபிளாப் போடுவதைப் பார்க்க வேண்டும் என்றார். கண் கலங்கியிருந்தது. சரி மேடம் என்றேன்.

கறிக்கடையில் கோழிக்கால் வாங்கிவந்து அறையில் தையல் போட்டுப் பார்த்தேன். ஊசி கருவியிலிருந்து நழுவியதே எனக்குத் தெரியவில்லை. கருவி கையில் இருக்கிறது என்று விரல் சொல்கிறது, எந்த விரல் சொல்கிறது என்றுதான் தெரியவில்லை. கோழிக்கு வலிக்காது. வியாழக்கிழமை வருகிறவருக்கு?

ஆகஸ்ட் 13, புதன்

இன்றைய கூத்தை எழுதியே ஆக வேண்டும்.

ஆராய்ச்சிக்கான கடைசிப் பரிசோதனை. பழைய நோயாளிகளை எல்லாம் வரச் சொல்லியிருந்தேன். முதலில் வந்தவர் ஆட்டோ ஓட்டும் சொர்ணலிங்கம். பட்டம் கட்சி, இரண்டு வருடமாகிறது. எனக்கு ஒன்பதரை கொடுத்தவர். நான் பேனாவைத் தூக்கினேன். அவர் பதில் சொல்லாமல் என் கட்டைவிரலையே பார்த்தார். தன் விரலைப் பக்கத்தில் வைத்து அளந்தார்.

"டாக்டரம்மா, உண்மையச் சொல்லுங்க. அங்க தொட்டா இங்கதான தெரியுது?"

ஆமாம் என்றேன்.

"எனக்கும் அதே கதைதான். பிரேக்கைப் புடிச்சா எந்த வெரல்ல புடிக்கேன்னு இன்னும் கொழப்பம்."

போன தடவை ஒன்பதரை கொடுத்தீர்களே என்று கேட்டேன். அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "மேடம் அவ்வளவு கஸ்டப்பட்டுச் செஞ்சாவ. நீங்களும் ஆசையா கேக்கிய. மூஞ்சிக்கு நேர நல்லால்லன்னு எப்பிடிச் சொல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. ஏனென்றால் அதே மேடத்துக்காக நானும் ஒன்பது கொடுத்திருக்கிறேன். மூன்று வருடமாக நான் அளந்தது விரலை இல்லை, இந்த ஊர் மரியாதையை.

வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கு அவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அப்புறம் ஓ.பி.யைப் பார்க்க வேண்டும். எல்லோரும் உள்ளே வந்து கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இட்லிக்கடை பாத்திமுத்து, தளவாய் சார் கட்சி, தோலில் உணர்ச்சியே கிடையாது, இட்லிப் பானைச் சூடு தெரியாமல் மூன்று தடவை கொப்புளம் என்றார். ஆனால் சார் வருத்தப்படுவார் என்று பத்துப் போட்டாராம். பதினொன்று கொடுத்த பெரியவரைக் கேட்டேன். விரலை மடக்கவே முடியவில்லை, ஒன்று சேர்த்துப் போட்டால் டாக்டர் சந்தோஷமாக வேறு ஏதாவது செய்து தருவார் என்று நினைத்தேன் என்றார். விரலை விரலோடு ஒப்பிட்டு, குறைகளைப் போட்டி போட்டுச் சொல்லி, மத்தியானம் வரை ஒரே கும்மாளம். எல்லாவற்றையும் திருத்தி எழுதினேன்.

ஒரு பெயர் மட்டும் பாக்கி. பட்டம் வரிசையில் கடைசிப் பெயர், நான் சேர்க்கலாமா வேண்டாமா என்று யோசித்து வைத்திருந்த என் பெயர்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நாளை துறைக் கூட்டம். மறுநாள் நான் செய்ய வேண்டிய ஆபரேஷன். தாணு சாரிடம் ஊசி நழுவுவதைச் சொன்னேன். கூட்டத்தில் சொன்னால் மேடத்தின் மனசு உடைந்துவிடும், லிஸ்டிலிருந்து என் பெயர் போய்விடும், ஒருவேளை எப்போதைக்குமே போய்விடும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "நாளன்னைக்கு அந்த ஆளுக்கு மயக்கம் குடுக்கப்போறது நான்தான். அவருகிட்ட உங்களப் பத்தி என்ன சொல்ல?" என்றார்.

கோபம் வந்தது. அவர் மீது வந்த முதல் கோபம். அது சரியான கேள்வி என்பதால் இன்னும் கோபம்.

ஆகஸ்ட் 20, புதன்

கூட்டம். புதிய அட்டவணையைத் திரையில் போட்டேன். பட்டத்தின் சராசரி ஒன்பதிலிருந்து ஆறுக்கு விழுந்தது. தளவாய் சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து கிராஸ் ஃபிங்கர். அதுவும் ஆறு. சார் மறுபடி சாய்ந்துகொண்டார். மதிப்பெண் இரண்டு தடவையும் ஒன்றாகவே இருப்பதைப் பார்த்து ஜூனியர் சிரித்து மாட்டிக்கொண்டான்.

ஆனால் இந்த ஆறும் அந்த ஆறும் ஒன்றில்லை என்றேன். ஒன்றில் உணர்ச்சி இருக்கிறது, இடம் தப்பு. இன்னொன்றில் இடம் சரி, உணர்ச்சி இல்லை, விரலும் விறைத்துப்போகிறது. நாம் இதுவரை யாருக்கும் இதைச் சொல்லித் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை என்றேன்.

ரெஜினா மேடம்தான் கேட்டார். "கடைசி வரிசையில பேர் இருக்கு, மார்க் இல்லையே. அது யாரு, நீதானே? எவ்வளவு?"

"நாலு, மேடம்."

கோழிக்கால் கதையையும் சொன்னேன். ஊசி விழுந்தது தெரியவில்லை என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு தளவாய் சாரைப் பார்த்து, நேராக அவரைப் பார்த்து, நாளைக்கு அந்தக் கேஸை நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்வோமா என்றார். செய்யலாம் என்றார் சார். என் மூலமாக இல்லாமல் அவர்கள் பேசி நான் பார்த்தது அநேகமாக இதுதான் முதல் தடவை.

வாசலில் என்னை நிறுத்தினார் மேடம். திட்டப்போகிறார் என்று நின்றேன். என் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தார், சர்ஜன் பார்ப்பது மாதிரி இல்லாமல். "உனக்கு எப்ப கத்தி குடுக்கணும்னு இனி நான் முடிவு பண்ண மாட்டேன். நல்லாருக்குன்னு நீ வந்து சொல்லு. நாலுன்னு சொன்னவ சொன்னா நான் நம்புவேன்."

அறைக்கு வந்து அழுதேன். அம்மா போனில் என்ன என்று கேட்டாள். நல்லா இல்லம்மா என்றேன். அப்படியா, அப்ப சரி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அரிசிக்குள்ளிருந்து குண்டூசி எடுத்தேன். குண்டூசியேதான்.

அக்டோபர் 5, ஞாயிறு

தாணு (சார் என்று எழுத இனி கை வரவில்லை) தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரம் வந்துவிட்டுப் போனார். அவரைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று அவர் அம்மா என்னிடம் கேட்டார். பழத்தை உரித்துத் தாமே தின்றுவிடுகிறார், நோயாளியைப் பார்க்க வந்தால் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிடுகிறார், கேட்கக்கூடாத கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்கிறார் என்று அடுக்கினேன். என் அம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, முடிஞ்சு போச்சு, தேதி பாருங்க என்றாள்.

அக்டோபர் 27, திங்கள்

கோழிக்காலில் வரிசையாகத் தையல். ஒன்றும் நழுவவில்லை. விரலைத் தொட்டால் தொட்ட இடத்திலேயே தெரிகிறது. எப்போதாவது களைத்திருந்தால் சுட்டுவிரல் நானும் இருக்கிறேன் என்கிறது. மேடத்திடம் போய், எட்டு, மேடம் என்றேன். ஒன்பது இல்லையா என்றார். இல்லை என்றேன். உடனே லிஸ்டை எடுத்து என் பெயரை எழுதினார்.

நவம்பர் 6, வியாழன்

என் ஆபரேஷன். கரும்புச்சாறுக் கடை அய்யாத்துரை, மிஷினில் கை மாட்டியது. நேற்றே அவரிடம் என் விரலைக் காட்டி இரண்டு வழியையும் சொன்னேன். இதில் இடம் மாறித் தெரியும், அதில் ஒன்றும் தெரியாது, உங்களுக்கு எது வேண்டும் என்றேன். மிஷினில் கை வைக்கிறவன், பட்டால் தெரிய வேண்டும், மாறித் தெரிந்தாலும் பரவாயில்லை என்று அவரே யோசித்துச் சொன்னார். அப்புறம் ஒன்று கேட்டுக்கொண்டேன்: நான் எப்படி இருக்கு என்று கேட்டால் எனக்காக மார்க் போடக் கூடாது.

தாணு கையை மரத்துப்போக வைத்தார். மேடமும் தளவாய் சாரும் எதிரும் புதிருமாக நின்று, கையைக் கட்டிக்கொண்டு, வாயையும் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். இரத்தக்குழாய் நூல் கனம்தான் இருந்தது. அதை என் கட்டைவிரலால் உணர்ந்தேன். கட்டைவிரலில்.

நவம்பர் 20, வியாழன்

கட்டுப் பிரிக்கும் நாள். அய்யாத்துரையின் விரல் அழகாக, இளஞ்சிவப்பாக இருந்தது. நானும் போட்டோ எடுத்தேன், கொஞ்சம் அதிகமாகவே. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சுக் குச்சியால் தொட்டேன். பின்னால் இரண்டு பெரியவர்களும் நின்றிருந்தார்கள். வார்டே பார்த்துக்கொண்டிருந்தது.

எப்படி இருக்கு என்று கேட்டேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், தளவாய் சாரைப் பார்த்தார், கடைசியில் தன் விரலைப் பார்த்தார்.

"நல்லால்ல, டாக்டரம்மா" என்றார்.

மேடம் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். தளவாய் சார் கை கொடுத்தார், அய்யாத்துரைக்கு இல்லை, எனக்கு. அய்யாத்துரை ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார். நான் அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எங்கே எங்கே நல்லா இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத ஆரம்பித்தேன்.